எம்டனில் நாம் ஏற்றிவிட்ட ஆள்

பினாங்கு

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. பிசியோவுக்கு மட்டும் மட்டம் போடாதே. தங்கச்சி உன்னைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குப் பாயான் லெப்பாஸில் புது வேலை. சம்பளமும் கூடியிருக்கிறது, ரோட்டில் நிற்கிற நேரமும் கூடியிருக்கிறது.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பற்றிப் பேசப் போகிறான், "செண்பகராமன் பிள்ளைதான் எம்டனைப் பினாங்குக்குக் கொண்டுவந்தார்" என்று எழுதி வைத்திருக்கிறான், பார்த்துச் சொல் என்கிறாய். தப்புதான். ஆனால் பையனைத் திட்டாதே. உன் அப்பாவே அதை எத்தனை தரம் நமக்குச் சொல்லியிருக்கிறார்! இந்திய விடுதலைக்குப் பாடுபட்ட அந்தச் செண்பகராமன் பிள்ளை மேல்தட்டில் நின்று விரலை நீட்டுவாராம், ஜெர்மன்காரன் அந்தப் பக்கம் சுடுவானாம். வாயைப் பிளந்து கேட்டிருக்கிறோம்.

நடந்தது தெரிந்தால்தான் கட்டியது தெரியும். 1914 அக்டோபர் 28, இன்னும் விடியவில்லை. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. மரச்சட்டத்தில் துணியைப் போர்த்தி நாலாவதாக ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் போர்க்கப்பல் மாதிரி வேஷம் கட்டி, வடக்கு வாய்க்கால் வழியாக உள்ளே வந்தது. துறைமுக விளக்குகள் சமாதான காலத்தில் எரிகிற மாதிரி எரிந்துகொண்டிருந்தன. நீயும் நானும் துறைமுகத்தில் சோறு தின்றவர்கள், அந்த வாய்க்கால் எவ்வளவு ஒடுக்கம் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். அதற்குள் வந்து, சுட்டு, திரும்பி, மறுபடி சுட்டுவிட்டு வெளியே போக வேண்டும் என்றால் கேப்டனுக்கு நெஞ்சில் நிறையத் துணிச்சல் வேண்டும். கார்ல் ஃபொன் முல்லருக்கு அது இருந்தது.

உள்ளே நங்கூரம் போட்டிருந்தது ரஷ்யக் கப்பல் ஜெம்சுக். 1905இல் ட்சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கடற்படையே நொறுங்கியபோது தப்பி வந்த கப்பல். எம்டனைத் தேடி அலைந்துவிட்டு, கொதிகலன் வேலைக்காகப் பினாங்குக்கு வந்திருந்தது. தேடப்பட்டவன் தானே வந்து நின்றான். அரை கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் பின்பக்கம் ஒரு டார்ப்பிடோ. திரும்பி வந்து முன்பக்கம் இன்னொன்று. புகை விலகிப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே பாய்மரத்தின் நுனிதான். 80க்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். வெளியே போகிற வழியில் முஸ்கே என்ற சின்ன பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. அதில் தத்தளித்தவர்களில் 36 பேரை அதே ஜெர்மானியர்கள் தூக்கி எடுத்தார்கள்.

இதற்குமேல்தான் கதைகள்.

முதல் கதை ரஷ்யக் கேப்டன் செர்காசோவ் மேல். அவர் அன்றிரவு கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். அது உண்மை. மனைவி வந்திருந்தார் என்பது ரஷ்யத் தரப்புப் பேச்சு. ஆங்கிலத்தில் எழுதியவர்களிடம் அந்த மனைவி 'சிநேகிதி' ஆனாள். ஈ அண்ட் ஓ ஹோட்டல் ஜன்னலில் நின்று கேப்டன் தன் கப்பல் மூழ்குவதைப் பார்த்ததாகக் காட்சி வைத்தார்கள். அதுவும் போதாமல், கப்பலுக்குள்ளே 60 சீனப் பெண்கள் இருந்தார்கள் என்றார்கள். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள், பாவம் அந்த மனுஷன் கன்னத்தில் கை வைக்காமல் வேறு எங்கே வைத்திருப்பார்?

அந்த 60 பேரை எண்ணியது யார் என்று யோசித்துப் பார். துறைமுகம் பிரிட்டிஷ்காரனுடையது. வாசலில் வந்தவனை யாரென்று சரியாக விசாரிக்கவில்லை, விளக்கை அணைக்கவில்லை. பழி அங்கேயும் கொஞ்சம் இறங்க வேண்டும். ரஷ்யன் குடித்தான், கூத்தடித்தான் என்று ஒரு கதை கிளம்பினால் அந்தப் பேச்சே அடங்கிவிடும். செர்காசோவ் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. குண்டுகள் கிடங்கில் பூட்டிக் கிடந்தன, காவல் சரியில்லை. விளாடிவாஸ்டாக்கில் விசாரித்து, பதவியையும் பிரபுப் பட்டத்தையும் பறித்து, மூன்றரை வருஷம் சிறை என்றார்கள். பிறகு ஜார் மன்னர் அதை மாற்றிச் சாதாரணச் சிப்பாயாகப் போர்முனைக்கு அனுப்ப, அங்கே போய் வீரப்பதக்கம் வாங்கினார் அந்த மனுஷன். ஈ அண்ட் ஓ கதை சொல்கிற ஒருத்தரும் இதைச் சொல்வதில்லை, கவனித்தாயா?

வேடிக்கை என்னவென்றால், எம்டன் விஷயத்தில் நம்ப முடியாத மாதிரி இருப்பவைதான் உண்மை. பினாங்குக்கு வருவதற்குச் சில வாரம் முன்பு டியெகோ கார்சியா தீவில் ஒதுங்கினார்கள். அது பிரிட்டிஷ் தீவு. உலகப்போர் தொடங்கிய சேதியே அங்கே போய்ச் சேரவில்லை! தீவுக்காரர்கள் எதிரிக்கு மீனும் பழமும் கொடுத்து உபசரிக்க, ஜெர்மானியர்கள் அவர்களுடைய மோட்டார் படகைப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். அப்புறம் கோக்கோஸ் தீவில் தந்திக் கம்பத்தைச் சாய்க்கப் போனபோது, டென்னிஸ் ஆடுகிற இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தந்தி நிலையத்தார் கேட்க, அப்படியே செய்தார்கள். பினாங்கை ஏமாற்றிய அந்தத் துணிப் புகைபோக்கியை அங்கே இருந்தவர்கள்தான் பொய் என்று கண்டுபிடித்துத் தந்தி அடித்தது. சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் வந்து நவம்பர் 9ஆம் தேதி எம்டன் கதையை முடித்தது. செத்தவர்கள் 130க்கும் மேல். கரையில் இறங்கியிருந்த ஐம்பது பேர் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றைப் பிடித்துச் சுமத்ரா, அங்கிருந்து அரேபியா, அப்புறம் துருக்கி என்று போய், பெரும்பாலோர் ஊர் சேர்ந்தார்கள். இதை சினிமாவில் காட்டினால் 'ஓவர்டா' என்போம்.

எம்டனில் ஜெர்மன் அரச வம்சத்து இளவரசன் ஒருவன் நிஜமாகவே அதிகாரியாக இருந்தான். அவனை நம்மில் யாருக்குத் தெரியும்? நமக்கு வேண்டியது பிள்ளைதான்.

பையனுக்கு இப்படிச் சொல். எம்டன் ஆகஸ்டில் சீனக் கரையில் இருந்த சிங்டாவிலிருந்து கிளம்பியது. செப்டம்பர் 22 ராத்திரி சென்னையைச் சுட்டது, எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. அதே செப்டம்பரில் செண்பகராமன் பிள்ளை சுவிட்சர்லாந்தில், சூரிச்சில் உட்கார்ந்து இந்திய விடுதலைக்குக் கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தார். அடுத்து பெர்லின். ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் இருப்பார்? பிள்ளையின் பெருமைக்கு எம்டன் தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். வெறுங்கையோடு ஐரோப்பா போய், வெள்ளைக்காரனை எதிர்த்து அங்கிருந்தே வேலை செய்து, 1934இல் பெர்லினிலேயே கண்ணை மூடிய மனுஷன். அதைச் சொன்னாலே போதும்.

ஆனால் நம்மவர்கள் ஏன் அவரைக் கப்பலில் ஏற்றினார்கள் என்பது எனக்குப் புரிகிறது. தோட்டத்தில் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய காலம். அந்தத் துரையை ஒரு கப்பல் நடுங்க வைத்துவிட்டது. அடித்தவன் ஜெர்மன்காரன், செத்தவன் ரஷ்யன், நமக்கு அதில் என்ன பங்கு? ஒன்றுமில்லை. நம்மாள் ஒருத்தர் உள்ளே இருந்தார் என்றால்தான் அந்த அடி நம் அடி. உன் அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். பொய் என்று அப்போதே தெரிந்திருந்தாலும் நான் குறுக்கே பேசியிருக்க மாட்டேன்.

வதந்திக்கு விலையும் உண்டு. எம்டன் ஆட்களில் பிடிபட்ட லௌட்டர்பாக் என்ற அதிகாரியைச் சிங்கப்பூரில் தாங்லின் முகாமில் அடைத்திருந்தார்கள். காவலுக்கு இந்தியச் சிப்பாய்கள். ஜெர்மனி ஜெயிக்கிறது என்று அவன் ஓதிக்கொண்டே இருந்தான். 1915 பிப்ரவரி 15 அன்று சிப்பாய்கள் கலகம் செய்தார்கள், காரணம் அவன் பேச்சு மட்டும் இல்லை என்றாலும். அடங்கியதும் 47 பேரைச் சிறைச் சுவரோரம் நிறுத்தி, ஊர் பார்க்கச் சுட்டார்கள். லௌட்டர்பாக்? தப்பித்துப் பல நாடு சுற்றி ஜெர்மனி போய்விட்டான்.

ஜெம்சுக் மாலுமிகளுக்கு அப்படிக் கதை கட்ட யாரும் இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடப்போமே, அந்த வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறையில்தான் சிலர் இருக்கிறார்கள். ரஷ்ய எழுத்தில் கல்வெட்டு. நாம் மோர்ப் பந்தலைத் தேடுகிற அவசரத்தில் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ரஷ்யத் தூதரகத்தார் வந்து மலர்வளையம் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜெரஜாக் தீவிலும் கல்லறை உண்டு. நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்கியதும் நோய் இருக்கிறதா என்று அடைத்து வைத்தார்களே, அதே ஜெரஜாக். ரஷ்யக் கிராமத்துப் பையனும் தஞ்சாவூர்க் கூலியாளும் ஒரே தீவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பையன் மேடையில் இதைச் சொல்வானா என்று கேள். வாத்தியாருக்கு இது புதிதாக இருக்கும்.

டிசம்பர் லீவில் அவனையும் கூட்டிக்கொண்டு வா. ஈ.டி.எஸ். ரயிலில் ஏறினால் பட்டர்வொர்த், இறங்கி ஃபெர்ரி, முட்டிக்கு அலைச்சல் இல்லை. டிக்கெட்டை இப்போதே போடு, பள்ளி விடுமுறையில் கிடைக்காது. கல்லறைக்கு நான் கூட்டிப் போகிறேன். ஈ அண்ட் ஓவில் அந்த ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் அங்கே தேத்தண்ணி உன் செலவு. விலை தெரிந்தால் நீயும் கன்னத்தில் கை வைப்பாய்.

உன்,
சேகர்