சுத்தியல் ஒன்று போதாது

அன்புள்ள சிவா,

அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று தங்கை லலிதா எழுதியிருந்தார். இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விட்டாள். கந்தசாமி இன்னும் நில அளவைக்கான அந்தத் தியோடலைட் கருவியின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். இப்போது அது கிணற்றுக்குள்ளேயே விழுந்துவிட்டதாம்.

ஆய்வகத்தில் வலு பார்க்கக் காங்கிரீட் கியூபை உடைக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, கடைசியில் வங்கி வேலைக்கே ஓடிவிட்ட உன்னை, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தூத்துக்குடியில் குடியிருப்போர் சங்கத் தலைவராக்கி, காங்கிரீட் திரும்பப் பிடித்துவிட்டது பார்! ஆனால் உங்கள் கட்டடத்தைச் சோதிக்க ஒரு நிறுவனம் கொடுத்ததென்று நீ அனுப்பிய விலைப்புள்ளியைப் படித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தூண்களில் ரீபவுண்ட் ஹேமர் என்ற சுத்தியல் சோதனை மட்டும் செய்து, "கட்டடம் உறுதியாக உள்ளது" என்று சான்றிதழ் தருவதாக அதில் எழுதியிருக்கிறார்கள். பொதுக்குழுவில் அதற்கு ஒப்புதல் வாங்கிக் கையெழுத்திடலாமா என்று கேட்டிருக்கிறாய். கையெழுத்திடாதே. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனாலும் முழுவதும் படி.

அந்தச் சுத்தியலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் அதை வடிவமைத்துக் கொடுத்தபோது, கட்டடத்தை உடைக்காமல், நின்ற இடத்திலேயே காங்கிரீட்டின் கடினத்தைப் பார்க்க உலகத்துக்கே ஒரு கருவி கிடைத்தது. உள்ளே இருக்கும் சுருள்வில் ஓர் எடையைக் காங்கிரீட்டின் மேல் மோதவிடுகிறது. அது எவ்வளவு தூரம் எகிறித் திரும்புகிறதோ அதுதான் அளவு. அப்படியென்றால் அது தொட்டுப் பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. தூணின் நடுவில் என்ன இருக்கிறது, கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்தச் சோதனைக்கென 1992இல் வந்த ஐ.எஸ். 13311 என்ற இந்தியத் தர விதிநூலின் இரண்டாம் பகுதியே, இதை வைத்து வலுவை மதிப்பிட்டால் 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கட்டடத்துக்கு ஆயுள் சான்று எழுத விதியே இடம் தரவில்லை.

உங்கள் கட்டடத்தைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, அங்கிருக்கும் சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து, மேற்பரப்பை இறுக வைக்கிறது. கார்பனேற்றம் என்று நாம் படித்தோமே, அதுதான். இறுகிய பரப்பில் சுத்தியல் நன்றாக எகிறும். பழைய கட்டடங்களில் காட்டும் எண் உண்மையைவிட ஐம்பது சதவீதம்வரை கூடிவிடலாம் என்பதும் அதே விதி நூலில் இருக்கிறது. ஆனால் அதே கார்பனேற்றம்தான் காங்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்து, கம்பியின் மேல் படிந்து அதைக் காத்துவந்த மெல்லிய படலத்தை இல்லாமலாக்குகிறது. கம்பியைத் துருவுக்குத் திறந்துவிடும் மாற்றமே சுத்தியலின் எண்ணை ஏற்றிக் காட்டுகிறது, சிவா. கட்டடம் எவ்வளவுக்கு முதுமையடைகிறதோ, அந்த அளவுக்கு அந்தச் சான்றிதழ் அழகாக வரும். இதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.

போன மாதம் சென்னைக் கடலோரத்தில் ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். ஒரு நிறுவனம் கொடுத்த அறிக்கையை அங்கிருந்தவர்கள் கண்ணாடிச் சட்டம் போடாத குறையாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். எல்லாத் தூண்களுக்கும் "நன்று". அறிக்கையில் இருந்த புகைப்படங்களை உற்றுப் பார்த்தபோது, சுத்தியலைப் பூச்சின் மேலேயே வைத்து அடித்திருப்பது தெரிந்தது. அந்த எண்கள் சிமென்ட் பூச்சுக்கானவை; அடியில் இருந்த காங்கிரீட்டை யாரும் தொடவே இல்லை. வாகன நிறுத்தத் தளத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஒரு தூணின் அடிப்பகுதியில் பூச்சை உரிக்கச் சொன்னேன். வளையக் கம்பிகள் கையோடு தூளாக வந்தன. முதன்மைக் கம்பிகள் இளைத்துப்போயிருந்தன. அதே தூணில் இடுப்பளவுக்கு மேலே காங்கிரீட் நன்றாகவே இருந்தது. அன்று மாலையே முட்டுக் கொடுத்து, அந்தப் பக்கம் வண்டிகள் நிற்கக்கூடாதென்று கயிறு கட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். பிள்ளைகள் அந்தத் தூணைச் சுற்றித்தான் தினமும் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று ஓர் அம்மா சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பாய். முதலில், உங்கள் கட்டடம் 2000க்கு முந்தியது என்பதை மனத்தில் வை. காங்கிரீட் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 456இன் 1978ஆம் ஆண்டுப் பதிப்பு கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு எம் 15 தரத்தையே (எண் கூடக் கூட வலு கூடும்) அனுமதித்தது. 2000இல் வந்த பதிப்புதான் கடலோரச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகுத்து, அங்கே குறைந்தது எம் 30 தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவரும், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட் கனமும், வேண்டும் என்றது. உங்கள் தூண்களில் எவ்வளவு கவர் இருக்கும் என்று நினைக்கிறாய்? அந்தக் காலத்தில் கவர் பிளாக்குக்குப் பதிலாகக் கருங்கல் சில்லை வைத்துக் கம்பியைத் தூக்கிய மேஸ்திரிகளை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். ஆகவே உங்கள் கட்டடத்தில் காங்கிரீட்டின் வலு இரண்டாவது கேள்விதான். உப்பும் கார்பனேற்றமும் கம்பியைத் தொட்டுவிட்டனவா என்பதே முதல் கேள்வி.

அதற்குக் கவர் மீட்டரில் தொடங்க வேண்டும். கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மின்காந்த முறையில் அது காட்டிவிடும். பிறகு ஓரிடத்தில் சிறிதளவு செதுக்கி, புதிதாக உடைந்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். காரம் மிஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும், போய்விட்ட பகுதி நிறமற்று நிற்கும். நிறமற்ற பட்டையின் ஆழத்தையும் கவரின் ஆழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். பாதிதான். ஏனென்றால் உப்பு விஷயத்தில் இந்த நிறம் நம்மைக் கைவிட்டுவிடும். காங்கிரீட் நன்றாகச் சிவந்து நிற்கும்போதே கடல் காற்றின் குளோரைடு உள்ளே போய்க் கம்பியை அரித்துக்கொண்டிருக்க முடியும். போதாததற்கு, உங்கள் கட்டடத்தை எந்தத் தண்ணீரில் கட்டினார்களோ, அதுவும் யாருக்குத் தெரியும்? எனவே வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டு வரும் தூளை ஆய்வகத்துக்கு அனுப்பிக் குளோரைடு அளவைப் பார்த்தே ஆக வேண்டும். கட்டும்போது ஒரு கனமீட்டர் காங்கிரீட்டில் 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்பது ஐ.எஸ். 456இன் வரம்பு; உங்கள் எண் அதோடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.

இதற்கெல்லாம் மேல் எனக்குப் பிடித்த சோதனை அரைமின்கலச் சோதனை. கம்பியை ஓரிடத்தில் வெளிக்கொண்டுவந்து மின்கம்பியால் இணைத்துவிட்டு, செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை ஈரப்படுத்திய காங்கிரீட் பரப்பில் கட்டம் கட்டமாக நகர்த்தி, மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டே போவார்கள். மைனஸ் 200 மில்லிவோல்ட்டைவிட மேலே இருந்தால் அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, மைனஸ் 350ஐவிடக் கீழே இறங்கினால் துரு ஓடுகிறது என்பதற்குத் தொண்ணூறு சதவீத வாய்ப்பு, இடைப்பட்டது ஐயம். இது வாய்ப்பைத்தான் சொல்லும், எவ்வளவு வேகத்தில் அரிக்கிறது என்று சொல்லாது. ஆனாலும் வெளியே ஒரு கீறல்கூட விழாத தூணில், உள்ளே எந்த மூலையில் தொல்லை தொடங்கியிருக்கிறது என்று வரைபடமாக நமக்கு முன்னால் விரித்து வைக்கும் முறை வேறு எது? முதன்முதலாக ஒரு பீமின் வரைபடம் சம மின்னழுத்தக் கோடுகளோடு கண்முன் உருவாவதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்றைக்கும் குறையவில்லை.

ஒலியலைச் சோதனையையும் கேள். தூணின் இரு எதிர்ப்பக்கங்களிலும் கருவியை வைத்து, மீயொலித் துடிப்பு குறுக்கே கடக்கும் வேகத்தை அளப்பார்கள். ஐ.எஸ். 13311இன் 1992ஆம் ஆண்டு அட்டவணைப்படி விநாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் மிக நன்று, 3.5 முதல் நன்று, 3க்குக் கீழே ஐயத்துக்குரியது. உள்ளே பொந்தோ விரிசலோ இருந்தால் துடிப்பு சுற்றிக்கொண்டு வரும், வேகம் குறையும். ஆனால் கம்பி வழியே அது இன்னும் விரைவாகப் பாயும் என்பதால், கம்பிக்கு இணையாக வைத்து அளந்தால் மோசமான காங்கிரீட்டும் நன்றாகத் தோன்றும். விரிசலில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் அப்படியே. இந்த விதிகளெல்லாம் இப்போது ஐ.எஸ். 516இன் ஐந்தாம் பகுதிக்கு மாறிவிட்டன. அந்த நிறுவனம் எந்த விதிப்படி சோதிக்கப்போகிறது என்று எழுத்தில் கேள். இன்னும் 13311 என்ற பழைய விதி எண்ணையே எழுதினால் அவர்கள் எவ்வளவு காலமாகப் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று உனக்கே தெரியும்.

வலுவில் ஐயம் வந்தால் கடைசியில் கோர், அதாவது துளைத்தெடுக்கும் உருளைக் காங்கிரீட் துண்டு, எடுத்துத்தான் ஆக வேண்டும். "உடைக்காமல் சோதிப்பது என்றுதானே சொன்னீர்கள்" என்று பொதுக்குழுவில் யாராவது கத்துவார்கள். எங்கே கோர் எடுப்பது என்று முடிவு செய்யத்தான் சுத்தியலும் ஒலியலையும் என்று விளக்கு. ஒரு தூணையும் இன்னொரு தூணையும் ஒப்பிட்டுப் பலவீனமான இடத்தைக் கண்டுபிடிப்பதில் அவை கெட்டிக்காரர்கள். குறைந்தது மூன்று கோர்கள். அவற்றின் சராசரி, தரத்துக்குரிய வலுவில் 85 சதவீதத்தை எட்ட வேண்டும், எந்த ஒன்றும் 75க்குக் கீழே போகக்கூடாது.

பால்கனி அடிப்பக்கம் பூச்சு உதிர்வதாக எழுதியிருந்தாய். நாளைக் காலையே ஒரு சாதாரணச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார். கணீரென்று கேட்டால் பயமில்லை; பொத்தென்று கேட்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வை. கம்பி துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துக் கவரைத் தள்ளுகிறது, அதனால்தான் அங்கே பிளவு. உங்கள் கொத்தனார் சொல்வதுபோல அதன் மேலேயே புதுப் பூச்சு போட்டு வெள்ளையடித்தால் நோயின் அடையாளத்தை மட்டும் மறைத்ததாகும். அந்தப் பால்கனிகளுக்குக் கீழே யாரையும் உட்கார விடாதே.

இதைக் கண்டிப்பாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மயாமிக்கு அருகே சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில், 1981இல் கட்டிய சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பு, 2021 ஜூன் 24 பின்னிரவில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். 2018லேயே ஒரு பொறியாளர், நீச்சல்குளத்தை ஒட்டிய தளத்தில் நீர்க்காப்பு கெட்டுக் காங்கிரீட் பெரிதும் சேதமடைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். விபத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன், உன்னைப் போன்ற ஒரு சங்கத் தலைவர், சேதம் மேலும் மோசமாகிவிட்டது என்று வீட்டுக்காரர்களுக்கு விளக்கிக் கடிதம் எழுதினார். செலவைப் பற்றிய வாதம் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. அந்தத் தலைவர் கடிதம் எழுதியபோது எப்படி உணர்ந்திருப்பார் என்று அடிக்கடி நினைப்பேன்; இப்போது அந்த நாற்காலியில் நீ இருக்கிறாய்.

அங்கே நடந்த விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. அந்தக் குளத் தளம் கட்டிய காலத்து விதிகள் கேட்ட வலுவையே பல இடங்களில் எட்டவில்லை, வடிவமைப்பிலேயே குறை. எந்தச் சுத்தியலும் எந்த ஒலியலையும் அதைச் சொல்லியிருக்காது. காங்கிரீட் இப்போது எப்படி இருக்கிறது என்பதைத்தான் சோதனைகள் சொல்லும்; அது தாங்க வேண்டிய சுமைக்குப் போதுமா என்பதை வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். மொட்டை மாடியில் பிறகு ஏற்றிய தண்ணீர்த் தொட்டியும் கைபேசிக் கோபுரமும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

ஒருமுறை சோதித்துவிட்டு அறிக்கையை அலமாரியில் பூட்டுவதும் வேண்டாம். பெரிய பாலங்களில் இப்போது உணரிகளைப் பொருத்தி இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 2024 செப்டம்பரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்த பிறகு, மீதிப் பகுதிகளில் உள்ளே கம்பி அறுபடும் ஒலியைப் பிடிக்கக் கருவிகள் வைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு பதிவேடு வை. ஒவ்வொரு விரிசலின் முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுது. குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டினால் விரிசல் நகரும்போது அது உடைந்து காட்டிவிடும். அரைமின்கலச் சோதனையை அதே கட்டங்களில், அதே பருவத்தில் மறுபடியும் செய்யச் சொல். இந்த ஆண்டு எண்ணைவிட, இந்த ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் எனக்கு முக்கியம்.

செலவு கூடும், தெரியும். உறுப்பினர்களிடம் பேசக் கஷ்டமாக இருந்தால் கூட்டத்தன்று நான் வருகிறேன். என் கவர் மீட்டரையும் எடுத்து வருகிறேன், தேதியை மட்டும் சொல். அதற்கு முன் கட்டட வரைபடங்களைத் தேடு. கட்டியவரிடம் இல்லையென்றால் மாநகராட்சியில் அனுமதிக்காகக் கொடுத்த தொகுப்பைக் கேள். கம்பி விவரம் உள்ள தாள்கள்தான் வேண்டும், முகப்புப் படம் வேண்டாம். கிடைத்ததும் படம் பிடித்து அனுப்பாமல், நகலைக் கூரியரில் அனுப்பு. கைபேசியில் கம்பியின் விட்டம் எனக்குத் தெரிவதில்லை.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
கோபால்