'அசிமிலேட்': ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சொல்வளப் பகுதியில் 'அசிமிலேட்' (assimilate) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'ஒன்றிணைதல்' என்று பொருள் போட்டிருந்தீர்கள். அது 'இன்டக்ரேட்' என்பதற்குத்தான் பொருந்தும்.

இலத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் ஒத்தது. ஒன்றை நோக்கி என்னும் பொருள்தரும் 'ஆட்' (ad) முன்னொட்டு அதனோடு சேர, ஒன்றைப் போலாக்குதல் என்றாகிறது. சிமிலர், சிமிலி, சிமுலேட் எல்லாம் இதே வேரின் கிளைகள். 'இன்டக்ரேட்' பிறந்த 'இன்டிஜர்' என்பதற்கோ முழுமை என்று பொருள். பகுதிகள் தம் அடையாளத்தோடே ஒரு முழுமைக்குள் இருக்கலாம். அசிமிலேட் ஆவது அப்படியல்ல. ஒன்று தன் தன்மை மாறி மற்றதைப் போல ஆகிவிட வேண்டும். குடியேறியவர்களைப் பற்றிய கட்டுரையில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் கருத்தே தலைகீழாகிவிடும்.

15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இது உடலியல் சொல். செரித்த உணவு உடலின் பகுதியாகவே ஆவதைக் குறித்தது. நம் அறிவியல் பாடநூல்களில் உட்கிரகித்தலுக்கு அடுத்து வரும் 'தன்மயமாதல்' இதுவே. மக்கள் சமூகத்தைக் குறிக்கும் பொருள் பின்னால் வந்தது.

மாணவர்கள் அதிகம் தவறுவது எழுத்துக்கூட்டலில். 'எஸ்' ஒன்றை விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் 'எம்'மையோ 'எல்'லையோ இரட்டிப்பார்கள். முன்னொட்டின் 'டி', அடுத்து வரும் 'எஸ்'ஸுக்கு இணங்கித் தானும் 'எஸ்' ஆனதால்தான் அங்கே இரண்டு. மரம் என்பதன் மகரம் 'கள்' சேரும்போது ஙகரமாகி மரங்கள் ஆவதும் இதே வகைத் திரிபு. மொழியியலார் ஓரினமாதல் என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரும் 'அசிமிலேஷன்'தான்! தான் குறிக்கும் மாற்றத்தைத் தன் உடம்பிலேயே காட்டும் சொல் இது. அக்யுமுலேட்டில் இரண்டு 'சி', அலோகேட்டில் இரண்டு 'எல்' வந்ததும் இப்படியே. 'எம்', 'வி' போன்ற சிலவற்றின் முன்னால் 'டி' அசையாது: அட்மிட், அட்வென்ட். 'சிமிலர்' என்பதில் 'எம்'மும் 'எல்'லும் ஒவ்வொன்றுதான், இங்கும் அவ்வளவே.

இன்னொன்று. ஒரு சமூகத்துக்குள் கலந்துபோவதைச் சொல்லும்போது இதன் பின் 'இன்டூ' வரும், 'வித்' அல்ல. உங்கள் எடுத்துக்காட்டு வாக்கியத்தில் 'வித்' இருக்கிறது. அடுத்த இதழில் அதையும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்