கருமணலை எடுத்தபின் குழியை எதனால் நிரப்புவது?

பேர்த்,
மேற்கு அவுஸ்திரேலியா.

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் பெரியம்மாவும் வீட்டிலுள்ள அனைவரும் நலமாயிருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறேன். கொக்கிளாய்ப் பக்கத்தில் இல்மனைற் என்னும் கருமணல் எடுப்பது பற்றிக் கடற்றொழிலாளர் சங்கம் தன் கருத்தை எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கிறது என்றும், நான் அதே மணலில்தானே வேலை செய்கிறேன், இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்றும் தொலைபேசியில் கேட்டீர்கள். பாதி கேட்டும் பாதி கேளாமலும் போகும் பேச்சில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் இதுவல்ல என்பதால் எழுதுகிறேன். சங்கத்தில் வாசித்துக் காட்டுவதென்றாலும் காட்டுங்கள்.

நான் வேலை செய்யும் சுரங்கம் பேர்த் நகரத்துக்கு வடக்கே, வீட்டுக்குத் தினமும் வந்துபோக முடியாத தூரத்தில் இருக்கிறது. எட்டு நாள் வேலை, ஆறு நாள் ஓய்வு. வேலை நாளில் பன்னிரண்டு மணி நேரம். அந்த நாட்களில் முகாமில் தங்குகிறோம். முகாம் என்றதும் பெரியம்மா, போர் முடிந்தபோது நம்மவர்களை அடைத்து வைத்த செட்டிகுளத்தை நினைத்துக் கலங்க வேண்டாம். ஆளுக்கொரு குளிரூட்டிய அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு, உறைப்பு ஒன்றுதான் இல்லை. காலையில் வாசலில் ஊதிக் காட்டி, குடித்திருக்கவில்லை என்று நிரூபித்த பிறகே உள்ளே விடுவார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மணலும் இடுப்பளவு உயரப் பற்றைகளுமே. நெடுங்கேணிக் காட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைக் காடென்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் இந்தப் பற்றைகளுக்குள் இருக்கும் செடி வகைகளின் எண்ணிக்கைக்காகவே உலகத் தாவரவியலாளர் இங்கே வருகிறார்கள்.

நாங்கள் மணல் எடுக்கும் இடத்திலிருந்து கடல் தெரியாது. எனியாபா என்ற ஊரின் பெரிய படிவு கடலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் உள்ளே கிடக்கிறது. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் அவ்வளவு தூரம் ஏறி நின்றபோது அலை அரித்து ஒதுக்கிய பாரமான மணல், கடல் பின்வாங்கிய பிறகு நிலத்துக்குள் வரிவரியாகப் புதைந்துவிட்டது. அதைத் தோண்டி, நீரோடு கலந்து, குழாய் வழியே ஈரப் பிரிப்பு நிலையத்துக்கு அனுப்புவார்கள். என் வேலை அங்கேதான். சுருள் சுருளாக இறங்கும் பீலிகளில் அந்தக் கலவை வழிந்து வரும்போது, வெண்மணல் வெளி விளிம்புக்கு ஒதுங்க, உட்பக்கத்தில் விரலளவு அகலத்தில் கருமணல் ஒரு கோடாகத் தங்கி ஓடும். பெரியம்மா அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கும்போது கல் தங்குவதும் இதே விதியால்தான். அந்தக் கோடு அகன்றாலோ மெலிந்தாலோ, கோட்டைப் பிரிக்கும் தகட்டைத் திருப்பிச் சரிசெய்வது என் பொறுப்பு.

பிறகு அந்தக் கருமணலை உலர்த்திச் சூடாக்கி, காந்த உருளையிலும் உயர் மின்னழுத்த உருளையிலும் விடுவார்கள். இல்மனைற்றைக் காந்தம் இழுக்கும். அதோடு கலந்திருக்கும் றூட்டைல் என்ற கனியம் மின்சாரத்தைக் கடத்துவதால் உருளையிலிருந்து தெறித்து விழும். மின்சாரத்தைக் கடத்தாத சிர்க்கோன் என்ற கனியம் உருளையோடு ஒட்டிக்கொண்டு போய் வேறிடத்தில் விழும். நமது கரையில் பல காலமாக இல்மனைற் எடுக்கும் புல்மோட்டையில் நடப்பதும் அடிப்படையில் இதுவேதான். ஆகவே மணலைப் பிரிக்கும் இடத்தில் நஞ்சு மருந்து ஏதும் ஊற்றுகிறார்களோ என்ற சங்கத்தின் பயத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. கவனிக்க வேண்டியது மொனசைற் என்னும் மஞ்சள் மணல்தான். அதில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கிறது. அதன் தூசு நெஞ்சுக்குள் போகக்கூடாது என்பதற்காக இங்கே காற்றை அளக்கிறார்கள். அந்தப் பகுதியில் நிற்பவர் கதிர்வீச்சை அளக்கும் வில்லையைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். இதே மொனசைற்றில், வலிய காந்தங்கள் செய்ய உதவும் அருமண் உலோகங்களும் உண்டு. எனியாபாவில் வாங்குவாரில்லாமல் பல ஆண்டுகளாக ஒதுக்கிக் குவித்து வைத்திருந்த மொனசைற்றை நம்பி அருமண் சுத்திகரிப்பு ஆலை கட்டுவதற்கு, 2022 இல் அவுஸ்திரேலிய அரசு 125 கோடி டொலர் கடன் அறிவித்தது. நமது கரையிலிருந்து ஏற்றப்படும் ஒவ்வொரு தொன்னிலும் மொனசைற் எவ்வளவு, அது யாருடைய கணக்கில் போகிறது என்று கேட்பதில் தவறேயில்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். இங்கே நூறு தொன் மணலைத் தோண்டினால் அதில் பாரமான மணல் சில தொன்தான். ஐந்தோ பத்தோ இருந்தாலே நல்ல படிவு என்பார்கள். மீதி வெண்மணல் முழுவதும் அதே குழிக்குத் திரும்பிப் போகிறது. தோண்டிய மணல் தளர்ந்து சற்று ஊதியும் விடுவதால், நிலம் ஏறத்தாழப் பழைய மட்டத்துக்கே வந்துவிடுகிறது. புல்மோட்டைக் கரையின் புகழோ அதன் செறிவில் இருக்கிறது. அங்கே செறிந்த இடங்களில் இல்மனைற் மட்டுமே நூற்றுக்கு எழுபது அளவுக்கு இருக்கிறதென்று பழைய ஆய்வுகள் சொல்கின்றன. விற்பவருக்கு அது வரம். ஆனால் நூறில் எழுபதைக் கப்பலேற்றிவிட்டால் முப்பதைக் கொண்டு அந்தக் குழியை எப்படி நிரப்புவது? "மீளநிரப்புவோம்" என்று எழுதித் தந்தால், எந்த மணலால், எங்கிருந்து கொண்டுவந்து, எந்த மட்டம் வரை என்று கேளுங்கள். கரையிலிருந்து உள்ளே தள்ளியுள்ள காணிகளில் செறிவு குறைவாக இருந்தால் கணக்கு மாறும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் துளையிட்டுப் பார்த்த அளவைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மாரியில் வாடைக்காற்றோடு கடல் கருமணலைத் திரும்பக் கொண்டுவந்து போடும் என்பார்கள். புல்மோட்டையில் அது உண்மைதான். ஆனால் கடல் அந்த மணலைப் புதிதாக உண்டாக்குவதில்லை, இன்னொரு கரையை அரித்துத்தான் கொண்டுவருகிறது. 2004 இல் கடல் வந்தபோது மணல்மேடு நின்ற இடமும் இல்லாத இடமும் என்ன ஆயின என்று முல்லைத்தீவில் எவருக்கும் நான் எழுதிச் சொல்லத் தேவையில்லை. கிணறுகளையும் நினைக்க வேண்டும். கரையோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்தே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. குழி தோண்டுவதால் மேலே அரை மீற்றர் குறைந்தாலும் கீழே இழப்பது பெரிது.

இங்குள்ளவர்கள் நிலத்தைத் திருத்தும் விதத்தில் மெச்ச வேண்டியவையும் உண்டு. முதலில் மேல்மண்ணை மெல்லியதாக வழித்துத் தனியே எடுப்பார்கள், ஏனெனில் செடிகளின் விதை அந்தச் சில அங்குலத்துக்குள்தான் உயிரோடு கிடக்கிறது. பிறகு அதே மண்ணைக் காலம் தாழ்த்தாமல் பரப்பி, புகை பட்டால்தான் முளைக்கும் விதைகளுக்குப் புகையூட்டிய நீரையும் பயன்படுத்துகிறார்கள். மேய்ச்சல் நிலம் சில ஆண்டுகளில் மாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. இயற்கைப் பற்றைக்காடு அப்படி இலகுவில் திரும்புவதில்லை. சில இனங்கள் வரவேயில்லை என்று இங்குள்ளவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பணத்துக்கும் ஏற்பாடு உண்டு. 2012 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான சுரங்கக்காரர் தாம் கெடுத்த நிலத்தைத் திருத்த ஆகும் மதிப்பில் நூற்றுக்கு ஒரு வீதத்தை ஆண்டுதோறும் மாநில நிதியத்தில் கட்ட வேண்டும். கம்பனி கைவிட்டு ஓடினாலும் அந்தப் பணம் இருக்கும்.

சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. தனியார் பயிர்செய்யும் நிலத்தில், மேற்பரப்பிலிருந்து 30 மீற்றர் ஆழத்துக்குள் சுரங்கக் குத்தகை கொடுப்பதற்குச் சொந்தக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கனிய மணல் பெரும்பாலும் அந்த ஆழத்துக்குள்ளேயே கிடப்பதால், கமக்காரர் பேரம் பேச முடிகிறது. ஆனால் இந்த மாதிரியை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர இயலாது. கரைவலைப் பாடு எவருடைய காணி உறுதியிலும் வருவதில்லை. வலை இழுக்கும் கரைக்கும் வாடி போட்ட இடத்துக்கும் எவர் சம்மதம் கொடுப்பது என்பதைச் சங்கம் முதலிலேயே எழுத்தில் நிலைநாட்டாவிட்டால், பிறகு நட்டஈட்டுப் பட்டியலில் உங்கள் பெயரே இராது.

வருமானம் என்று பார்த்தால், இல்மனைற்றை அப்படியே விற்பவருக்குத்தான் ஆகக் குறைந்த பங்கு. அதில் டைட்டேனியம் ஈரொட்சைட்டு ஏறத்தாழப் பாதி, மற்றது பெரும்பாலும் இரும்பு. 1960களில் பெக்கர் என்ற இரசாயனவியலாளர் இங்கே ஒரு வழி கண்டார். கொல்லி என்ற ஊரின் நிலக்கரியோடு சூளையில் வறுத்து, இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்துக் கழற்றிவிட்டால், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செறிந்த செயற்கை றூட்டைல் கிடைக்கும். அதனால் விலையும் வேலையும் இந்த மாநிலத்தில் தங்கின. அதற்கும் நிச்சயம் கிடையாது. றூட்டைல் முடிவில் சுவர்ப் பூச்சாகவும் சிர்க்கோன் தரை ஓடாகவும் ஆவதால், சீனாவில் வீடு கட்டுவது குறைந்தால் இங்கே சூளை அணைகிறது, ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எத்தனை பேருக்கு வேலை என்று சொல்பவரிடம், எத்தனை ஆண்டுக்கு என்றும் விலை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள்.

என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. உள்நிலத்தில், சொந்தக்காரர் சம்மதித்து, பணத்தை முன்கூட்டியே வைப்பிலிட்டு எடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன். அந்த வேலையில்தான் நானும் சாப்பிடுகிறேன். அலை அடிக்கும் கரையிலும் மணல்மேட்டிலும் எடுப்பதற்கு நான் சம்மதம் கொடுக்க மாட்டேன்.

சங்கத்தின் கடித வரைவைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால், கணக்குப் பகுதியைப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். சுற்றாடல் அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்; அதில் துளைகளின் ஆழமும் செறிவும் உள்ள பக்கங்கள்தான் எனக்கு வேண்டும். அடுத்த வேலை முறை திங்கட்கிழமை தொடங்குகிறது, அதற்கு முன் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள பெறாமகன்,
சுதன்.