முடியாது என்பதையும் எழுதிக் கொடுங்கள்

கோவையிலும் பாலக்காட்டிலும் கார் ஒர்க்‌ஷாப் நடத்தும் முதலாளிகளுக்கும், அங்கே முன்மேசையில் உட்கார்ந்து ஜாப் கார்டு (வண்டியின் குறையையும் செய்ய வேண்டிய வேலையையும் குறிக்கும் தாள்) எழுதும் சர்வீஸ் அட்வைசர்களுக்கும்,

வணக்கம்.

நான் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரன். தேங்காய் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வண்டி நம்பர் கே.எல். 70-இல் தொடங்கும், வீட்டுப் பேச்சு தமிழ், பெரிய சாமான் எது வாங்குவதென்றாலும் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குத்தான் போவோம். காரை ரிப்பேருக்கு விடுவதும் அதே வழக்கத்தில்தான்.

சென்ற ஆண்டு என் டீசல் காருக்கு உங்களில் ஒருவர் புது டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) மாற்றிக் கொடுத்தார். பில் 41,870 ரூபாய். பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், மாற்றிய பாகத்துக்கு 6 மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி என்று போட்டிருந்தது. நான்காவது மாதம், 5,300 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், மேட்டில் ஏறும்போது விசிலடிப்பது போல ஒரு சத்தம். அப்புறம் நீலப் புகை. வாரண்டிதான் இருக்கிறதே என்று நிம்மதியாகக் கொண்டுபோனேன்.

"ஓட்டுற விதம் சார். வந்து நின்னதும் டக்குனு ஆஃப் பண்ணிடுறீங்க. இது வாரண்டியில வராது."

அவ்வளவுதான். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஜாப் கார்டும் போடவில்லை. "சரிங்க, இப்ப சொன்னதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றேன். அட்வைசர் தம்பி சிரித்துவிட்டார். "அதெல்லாம் எழுதித் தர மாட்டோம் சார்."

இந்த மடல் முழுக்க அந்த ஒரு பதிலைப் பற்றித்தான்.

அதே கார் கம்பெனியின் பாலக்காட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பில்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பில்லு கோயம்புத்தூரிலேயல்லே, அவிடெத்தன்னெ போணம்" என்றார்கள், அங்கேயே போகணுமாம். கோவைக்குப் போன் செய்தால், "கேரளா வண்டிதானே, பாலக்காட்டுலயே காட்டுங்களேன்" என்று பதில். எல்லையில் குடியிருப்பவனுக்கு இது பழகிய ஆட்டம்தான், ரேஷன் கார்டில் தொடங்கி எல்லாவற்றிலும் ஆடியிருக்கிறோம். ஆனால் இந்த இரண்டு பதில்களும் எங்கேயும் எழுத்தில் இல்லை. நான் வந்து போனதற்கே தடயம் இல்லை. இப்படியே இரண்டு மாதம் இழுத்தால் வாரண்டி தானாக முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் சாலையோரம் ஒரு மெக்கானிக் இருக்கிறார். தகரக் கூரை, ஒரே ஒரு ஜாக்கி. அவரிடம் காட்டினேன். வண்டியைத் தொடவே மறுத்துவிட்டார். "நான் ஒரு போல்ட்டைக் கழட்டினாலும் பழி என் மேலதாங்க விழும். பில்லை மட்டும் காட்டுங்ணா." வாங்கி, வெயிலில் பிடித்து, வரி வரியாக விரலை வைத்துப் படித்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்ணா, டர்போ இருக்குது, கேஸ்கெட் இருக்குது. ஆயில் பைப்பே இல்லீங்களே?"

உங்களுக்குத் தெரியாததல்ல, படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். அந்த ஆயில் வருவது விரல் மொத்தம்கூட இல்லாத ஒரு பைப் வழியாக. பழைய டர்போ வெந்து போகும்போது அந்தப் பைப்பின் உள்ளே கரி படிந்துவிடும். டர்போவை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டுப் பைப்பைப் பழையபடியே விட்டால், புதியதும் ஆயில் கிடைக்காமல் சாகும். நின்றதும் ஆஃப் செய்வது டர்போவுக்கு நல்லதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பானெட்டைத் திறக்காமலே இரண்டில் எது காரணம் என்று எப்படிச் சொன்னீர்கள்?

"இனி ஓட்டாதீங்க. ஆயிலை இழுத்துக்கிட்டு இன்ஜின் கையை மீறி ஓடிரும். அப்புறம் அதையும் உங்க தலையில கட்டிருவாங்க" என்றார் அவர். இந்த ஆலோசனைக்குக் காசு வாங்கவில்லை. ஒரு டீ மட்டும் குடித்தார்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கோவைக்கே கொண்டுபோனேன். வாடகை 3,500 ரூபாய் என் கைக்காசு. இந்த முறை ஜாப் கார்டு போடாமல் நகர மாட்டேன் என்று நின்றேன். போட்டார்கள். குறையின் கட்டத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'ஜெனரல் செக்கப்'. நான் சொன்னது விசில், புகை, வாரண்டி. எழுதியது ஜெனரல் செக்கப். கையெழுத்துப் போடும் முன் பேனாவை வாங்கி, அதன் கீழே தமிழில் எழுதினேன்: 'டர்போ மாற்றி 5,300 கி.மீ. விசில் சத்தம், நீலப் புகை. வாரண்டியில் பார்க்கக் கொண்டுவந்தது.' கார்டையும் மீட்டரையும் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

மேனேஜர் வெளியே வந்தார். "வேணும்னா கேஸ் போட்டுக்கோங்க. வக்கீல் ஃபீஸ் உங்க டர்போவை விட அதிகம் வரும்" என்றார். கெட்ட மனிதர் அல்ல, இது எல்லாரும் சொல்லிப் பழகிய வசனம். ஆனால் தவறான தகவல்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம். பொருளுக்கோ வேலைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வீட்டிலிருந்தே இணையத்தில் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது வேறொன்று: புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கோவையில் இருக்கலாம், நான் பாலக்காட்டு ஆணையத்தில் போடுவேன், நீங்கள்தான் வாளையாறு தாண்டி வர வேண்டும். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. 3 மாதத்தில் முடிக்க வேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதம் என்கிறது சட்டம். நடப்பில் அதற்கு மேலும் இழுக்கும், அது எனக்கும் தெரியும். அதனால்தான் நேராக அங்கே போகவில்லை.

ஒரே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். ஒர்க்‌ஷாப்புக்கு ஒன்று, கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று, இரண்டும் ஸ்பீட் போஸ்ட்டில். திட்டவில்லை, என் மன உளைச்சலைப் பற்றியும் எழுதவில்லை. தேதி, கிலோமீட்டர், பில் எண், ஜாப் கார்டு எண். கேட்டது இரண்டே: என் முன்னால் டர்போவைக் கழற்றிப் பாருங்கள், வாரண்டி இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். 15 நாள் தவணை. பதில் வராவிட்டால் பாலக்காட்டு ஆணையத்துக்குப் போவேன் என்று கடைசி வரி. பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் கம்பெனியின் ஏரியா ஆள் போன் செய்தார்.

என் முன்னால் கழற்றினார்கள். டர்போவின் தண்டு விரலால் அசைத்தாலே ஆடியது. பைப்பைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினார் மெக்கானிக். மிளகுத் தூள் போல் கரி உதிர்ந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. ஏரியா ஆள் பழைய பில்லை ஒரு தடவை பார்த்தார், மேனேஜரை ஒரு தடவை பார்த்தார். முதல் கடிதம் போட்டு 26-ஆம் நாள், புது டர்போ, புதுப் பைப், புது ஆயிலோடு வண்டி கைக்கு வந்தது. ரெக்கவரி வாடகை மட்டும் வரவில்லை. அதற்காகப் போராடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. வாரண்டியில் மாற்றினால் கழற்றிய பாகத்தைக் கம்பெனிக்கு அனுப்பிக் காட்ட வேண்டும், அவர்கள் ஏற்காவிட்டால் செலவு உங்கள் தலையில். பொருத்தியதில் தவறு என்றால் கம்பெனி ஏன் தரும்? அந்தப் பயத்தில்தான் வாயால் 'முடியாது' என்கிறீர்கள். எழுதினால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வேண்டுமென்றால் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்த்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

எனவே நான் கேட்பது கொஞ்சம்தான். வாரண்டி என்று ஒருவர் வந்தால் முதலில் ஜாப் கார்டு போடுங்கள். அவர் சொன்ன குறையை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், தமிழோ மலையாளமோ. கழற்றிய பாகத்தைக் காட்டுங்கள். மறுப்பதானால் காரணத்தோடு, கையெழுத்தோடு, சீலோடு மறுத்துத் தாருங்கள். அந்தத் தாள் வேறு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு உதவும், ஆணையத்தில் உங்களுக்கும் உதவும்.

வண்டியை எடுக்கும்போது, 'வேலை திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். 'இப்போது மாட்டிய டர்போவுக்கும் பைப்புக்கும் இன்று முதல் 6 மாத வாரண்டி உண்டு' என்று கீழே எழுதி, மேனேஜரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். கொஞ்சம் முறைத்துவிட்டுப் போட்டார்.

அடுத்த மாதம் ஆயில் மாற்ற வருகிறேன். ஜாப் கார்டில் 'ஆயில் மாற்ற' என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
கே.எல். 70 வண்டிக்காரன்,
கொழிஞ்சாம்பாறை