டாக்டரிடம் மன்னிப்புக் கேட்காதே

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகனுக்கு,

போனில் பேசினால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். டூட்டி முடிந்து ரூமுக்கு வந்தபிறகு நிதானமாகப் படி.

பாலக்காட்டுப் பல் ஆஸ்பத்திரியில் உன் பெண்டாட்டி ரகளை செய்தாள் என்று அவர்கள் மஸ்கட்டுக்கே போன் போட்டுச் சொன்னார்கள். நீ அவர்களிடம் ஸாரி சொல்லி, பாக்கிப் பணத்தை அனுப்பிவிடுகிறேன் என்றும் ஒப்புக்கொண்டாய். அப்புறம் அவளைக் கூப்பிட்டு, "டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?" என்று கேட்டாய். அவள் அன்றைக்குச் சோறு உண்ணவில்லை. மாமியார் மருமகளுக்குப் பரிந்து எழுதுகிறாள் என்றால் ஊரில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அன்றைக்கு அந்த ஹாலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். நீ இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பாப்பாவுக்குக் கீழே இடதுபக்கக் கடைவாய்ப் பல்லில் வலி. ராத்திரி எழுந்து உட்கார்ந்து அழுதாள். நம்மூரில் பல் டாக்டர் இருக்கிறார், குழந்தைகளுக்கென்றே படித்தவர் இல்லை. சித்தூர் வழியாகப் பாலக்காட்டுக்கு பஸ் ஏறினோம். நல்ல பெரிய இடம். சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி, மீன்தொட்டி, விளையாட ஒரு சறுக்கு. முன்மேசையில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் இங்கிலீஷ். உன் பெண்டாட்டி உடுமலைக்காரி, மலையாளம் பேசினால் முக்கால்வாசி பிடித்துக்கொள்வாள், எழுத்து தெரியாது. "எக்ஸ்ரே எடுக்கான், ஒந்நு நோக்கான், அத்ரே உள்ளூ" என்றாள் அந்தப் பெண், எக்ஸ்ரே எடுக்கவும் ஒரு தடவை பார்க்கவும்தான், அவ்வளவுதான் என்று. தாளை வாங்கி நான் படித்தேன். அடியில் பொடி எழுத்தில், டாக்டர் தேவை என்று நினைக்கிற எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம் என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்துச் சொன்னேன். உன் பெண்டாட்டி கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழேயே தமிழில் எழுதினாள்: "பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் மட்டும்." முன்மேசைப் பெண் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஃபைலில் வைத்தாள். அந்த ஃபைலில் இது இருக்கிறது. இனி நீ யாரிடம் பேசினாலும் இதை மறக்காதே.

பிறகு பெயரைக் கூப்பிட்டார்கள். குழந்தை மட்டும் வந்தால் போதும், அம்மாமார் உள்ளே வந்தால் பிள்ளைகள் கூடுதலாக அழும் என்றார் நர்ஸ். இவள் வாசலிலேயே நின்றுகொள்கிறேன் என்று கேட்டாள். கதவைச் சாத்திவிட்டார்கள். முதலில் அம்மா என்று கூப்பிட்ட பாப்பா அப்புறம் அப்பத்தா என்று கூப்பிட்டாள், அப்புறம் வார்த்தையே இல்லாமல் கத்தினாள். இவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். பின்னாலேயே நான்.

ஒரு பெண் கால்களை அமுக்கிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி தலையைப் பிடித்திருந்தாள். வாய் மூடாமல் இருக்க ஒரு ரப்பர் கட்டையை வைத்திருந்தார்கள். மரத்துப்போகிற ஊசி போட்டாகிவிட்டது, டிரில் ஓடிக்கொண்டிருந்தது. "நிறுத்துங்க" என்றாள். டாக்டர் திரும்பாமலே வெளியே நிற்கச் சொன்னார். "நீங்க நிறுத்துங்க மொதல்ல" என்று அவள் மறுபடி சொன்னபோது நிறுத்தினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரகளை என்று அவர்கள் சொன்னது இதற்குப் பிறகு நடந்த பேச்சைத்தான். அவர் சொன்னது: எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பு வரை போயிருந்தது, ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று தொடங்கினேன், டிரில் ஓடும்போது குழந்தை தலையைத் திருப்பினால் நாக்கு கிழியும், அதனால் பிடித்தார்கள், சம்மதத்தாளில் கையெழுத்து இருக்கிறது. இவள் கேட்டது ஒன்றுதான்: நான் கதவுக்கு வெளியேதானே இருந்தேன், எக்ஸ்ரேயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து இப்படி இப்படி என்று சொல்வதற்கு என்ன? "நீங்க பல் டாக்டரா?" என்றார் அவர். "இல்லீங்க. அதனாலதான் கேக்கறேன்" என்றாள். சத்தம் கூடியது உண்மை. ஹாலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்ததும் உண்மை. கெட்ட வார்த்தை ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் நானே அங்கே வைத்து அதட்டியிருப்பேன்.

பல்லில் மருந்து வைத்து அடைத்துக் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் எஸ்டிமேட் என்று ஒரு தாள் வந்தது. ஆறு பல், அதில் நாலுக்கு ரூட் கனாலும் பல்லின் மேல் மாட்டுகிற தொப்பியும், அடுத்த முறை மயக்கம் கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்து முடிக்கலாம் என்று. பார்த்ததற்கும் எக்ஸ்ரேக்கும் உண்டான காசைக் கொடுத்துவிட்டு, துளைத்ததற்குத் தரமாட்டேன் என்று சொல்லி வந்துவிட்டாள். முன்பணம் நீ அனுப்பியதால் உன் நம்பர் அவர்களிடம் இருந்தது. அப்படித்தான் உனக்குப் போன் வந்தது.

பாப்பாவின் உதடு வீங்கியிருந்த போட்டோவைப் பார்த்து, யாராவது அடித்தார்களா என்று கேட்டாயே, அடிக்கவில்லை. ஊசி போட்ட பக்கம் உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணிநேரம் மரத்துக்கிடக்கும். குழந்தைக்கு அது வேடிக்கையாக இருக்கும், மென்றுகொண்டே இருக்கும். மரப்பு விடுகிற வரைக்கும் சாப்பிடக் கொடுக்காதே, கன்னத்தைக் கடிக்காமல் பார்த்துக்கொள் என்று தாயிடம் சொல்லி அனுப்புவதுதான் முறையாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போதே கடித்துவிட்டாள்.

இனி உன் அப்பா சொன்னதற்கு வருகிறேன். "பால்பல்தானே, விழுந்துட்டுப் போகுது, இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார். அது சரியில்லை, அந்த விஷயத்தில் பாலக்காட்டு டாக்டர் சொன்னதுதான் சரி. முன்பல்தான் ஆறேழு வயதில் விழும், கடைவாய்ப் பால்பல் பத்து, பதினொரு வயது வரைக்கும் வாயில் இருக்க வேண்டியது. சீழ் பிடித்தால் அடியில் முளைத்துக்கொண்டிருக்கும் நிலைப்பல்லும் கெடலாம். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, கீழே வரவேண்டியதற்கு இடம் இல்லாமல் போகும். ஆறு வயதில் கடைசியில் புதிதாக ஒரு பல் முளைக்குமே, அதைப் பால்பல் என்று நினைத்து நம் ஜனங்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அது ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல். என் வகுப்புப் பிள்ளைகளில் அதைச் சொத்தையாக்கிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆகையால் வைத்தியம் வேண்டாம் என்று உன் பெண்டாட்டி சண்டை போடவில்லை. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் கொண்டுவரும் சாக்லேட் டின்னை அலமாரி மேல்தட்டில் ஒளித்து வைக்கிறவளும் அவள்தான், தெரியுமா உனக்கு?

நாலு நாள் கழித்து, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போனோம். அங்கேயும் குழந்தைகளுக்கான பல் டாக்டர், ஒரு பெண். நாற்காலியில் ஏற்றவே இல்லை. அவரும் உன் பெண்டாட்டியும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாப்பாவின் கால் அம்மாவின் இடுப்பைச் சுற்றி, தலை டாக்டர் மடியில். மேலே பார்த்தால் அம்மா முகம். அழுதாள், ஆனால் பழைய அழுகை இல்லை. பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்து, காற்றுக் குழாயை அவள் உள்ளங்கையில் ஊதிக் காட்டி, அதற்கப்புறம்தான் பல்லில் ஊதினார். சொல், காட்டு, செய் என்று இதற்கு ஒரு முறையே உண்டாம், 1959லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றாம் வகுப்பில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவளுக்கு இதில் புதுசு என்ன இருக்கிறது? மணலில் நாம் எழுதிக் காட்டி, அப்புறம்தானே பிள்ளையின் விரலைப் பிடிக்கிறோம்.

அம்மா உள்ளே இருக்கலாமா என்று கேட்டேன். அதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு உண்டு என்றார். பெரிய பிள்ளைகள் சிலர் அம்மா இல்லாவிட்டால் அடங்கி இருப்பார்கள், மூன்று நாலு வயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் அம்மா இருப்பதுதான் தைரியம். பிடித்துக்கொள்வதும் சில நேரம் தவிர்க்க முடியாது, முகம் வீங்கிக் காய்ச்சலோடு வரும் குழந்தையை வேறு எப்படிப் பார்ப்பது? ஆனால் முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் வாங்கி, முடிந்தால் தாயையே பிடிக்கச் சொல்வோம் என்றார். கத்துகிற பிள்ளையின் வாயைக் கையால் பொத்துகிற பழக்கம் அமெரிக்காவில்கூட இருந்ததாம், அங்குள்ள குழந்தைப் பல் மருத்துவர் சங்கம் 2006ல்தான் அதைத் தன் வழிகாட்டியிலிருந்து எடுத்ததாம்.

ஆறு பல்லையும் பற்றி அவர் சொன்ன கணக்கு வேறு. மேல் முன்பல் இரண்டிலும் தொடக்கச் சொத்தை. அதற்கு வெள்ளிச் சத்து கலந்த ஃபுளோரைடு மருந்தைத் தடவினாலே பரவாமல் நிற்கும், ஊசி, டிரில் எதுவும் வேண்டாம். ஒரே குறை, சொத்தை இருந்த இடம் கரியாகக் கறுத்துவிடும், அது போகாது. சிரித்தால் தெரியும், அதற்குச் சம்மதமா என்று இவளிடம் இரண்டு தரம் கேட்டார். இவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கடைவாயில் ஒன்றுக்கு, துளைக்காமலே அளவான ஸ்டீல் தொப்பியை மேலே மாட்டிவிடலாம், சொத்தைக்குச் சாப்பாடு போகாமல் உள்ளேயே அடங்கிவிடும். ஸ்காட்லாந்தில் ஹால் என்கிற ஒரு டாக்டரம்மா செய்து பார்த்த வழியாம். முதலில் கடி கொஞ்சம் உயரமாக இருக்கும், தானாகச் சரியாகும். இரண்டைச் சும்மா கவனித்தால் போதும். துளைத்த பல்லுக்கு மட்டும் ரூட் கனால் தேவைப்படலாம், பால்பல்லின் வேர் கரையும்போது கூடவே கரைகிற பசையைத்தான் உள்ளே வைப்பார்களாம். ஆனால் அந்த எக்ஸ்ரேயைப் பார்க்காமல், முந்தைய டாக்டர் செய்தது தேவையா இல்லையா என்று சொல்லமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சித்தூர் கோர்ட்டில் இருக்கும் உன் மாமனிடமும் கேட்டேன். 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம்: சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, என்ன செய்யப்போகிறோம், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்பதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். நம் கேரளத்து 2018 சட்டப்படி ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டணத்தை மலையாளத்திலும் இங்கிலீஷிலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அந்த ஹாலில் ஒட்டகச்சிவிங்கி இருந்தது, பலகை என் கண்ணில் படவில்லை. நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம் என்று மாமன் துள்ளுகிறான். உன் பெண்டாட்டிக்கு அதில் விருப்பமில்லை, எனக்கும் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு, கண்ணு. கேரளத்தில் இருக்கிற நம் தமிழ் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. சர்க்கார் ஆபீசுக்குத் தமிழில் மனு எழுதலாம், தமிழிலேயே பதிலும் வாங்கலாம் என்று 1969லேயே கேரளத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ரேஷன் கடையில், கரண்ட் ஆபீசில், கூட்டுறவு பாங்கில் மலையாளத் தாளை நீட்டினால் எங்கே கையெழுத்து என்று மட்டும்தான் கேட்கிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை. பள்ளியில் டி.சி. வாங்க வரும் பெற்றோர் என் மேசைக்கு முன்னாலும் அப்படித்தான் நிற்பார்கள், உட்காருங்கள் என்றால்கூட உட்கார மாட்டார்கள். இவள் எல்லையைத் தாண்டி நம் வீட்டுக்கு வந்தவள், படிக்கத் தெரியாத தாளில் தனக்குத் தெரிந்த எழுத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, அந்த வரிக்காக நின்று பேசியிருக்கிறாள். அதை ரகளை என்று ஊர்பேர் தெரியாத ஒருத்தன் சொல்லலாம். நீ சொல்லாதே.

பாக்கிப் பணத்தை அனுப்பாதே. அந்த ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டு, பாப்பாவின் எக்ஸ்ரே, அன்றைக்கு அவர்கள் எழுதிய சிகிச்சைக் குறிப்பு, இவள் எழுதிய வரியோடு அந்தச் சம்மதத்தாள், மூன்றுக்கும் நகல் கேள். மரியாதையாகக் கேள். பணத்தைப் பற்றிக் கேட்டால் நகல் வந்தபிறகு பேசலாம் என்று சொல். பொள்ளாச்சியில் அடுத்த சனிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் எக்ஸ்ரே அந்த டாக்டர் கைக்குப் போக வேண்டும். எந்த நம்பருக்கு அனுப்புவது என்று என்னைக் கேட்காதே, என்னிடம் இல்லை. உன் பெண்டாட்டியிடம்தான் இருக்கிறது, அவளைக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
அம்மா