கல் கரைக்கும் காணொளி அன்பர்களுக்கு ஒரு மடல்

சிறுநீரகக் கல்லைக் கரைப்பதாக மூலிகைக் காணொளி போடும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் மூலிகைக்கு எதிரி இல்லை. பொங்கலுக்கு வேப்பிலை, ஆவாரம்பூவோடு சிறுபீளையும் சேர்த்துக் காப்புக் கட்டுகிற கொங்கு வீட்டுக்காரன். நீர்க்கடுப்பு என்றால் நெருஞ்சில் முள்ளை இடித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்த அம்மாயியிடம் வளர்ந்தவன்.

அப்பாவுக்கு இடது விலாவில் வலி வந்தபோது உங்களில் ஒருவரைத்தான் நம்பினார். நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை வேர். மூன்றே நாளில் கல் காணாமல் போகுமாம். நான்காம் நாள் இரவு காய்ச்சலும் பல் கிட்டும் நடுக்கமும். "கல்லு உடையுதுடா, அதான் ஒதறுது" என்று இரண்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னொரு டம்ளர் கேட்டார். நானே ஆற்றிக் கொடுத்தேன். விடிந்து ஸ்கேன் எடுத்தால், 11 மில்லிமீட்டர் கல் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை அடைத்து, மேலே தேங்கிய நீர் சீழாகியிருந்தது. அன்றே ஸ்டென்ட் என்கிற மெல்லிய குழாயை உள்ளே வைத்து வடித்தார்கள். பிழைத்தார். வீடு திரும்பியபோது அடுப்பில் மிச்சக் கஷாயம் பூஞ்சை பூத்துக் கிடந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். காய்ச்சல், நடுக்கம் வந்தாலோ நீர் பிரியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள்.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அந்தப் பெருமையெல்லாம் உங்கள் கணக்கில் வரவு. அடைத்து நிற்கும் கல்லுக்கு இந்தக் கஷாயம் போல நீரை அதிகம் பிரிய வைக்கும் நீர்ப்பெருக்கி கொடுப்பது, மூடிய மதகுக்கு மேலே இன்னும் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. மூக்கிரட்டையில் பொட்டாசியம் உண்டு; சிறுநீரகம் பழுதானால் அது வெளியேறாமல் உடம்பில் தேங்கும். அப்படிப் பழுதானவர்களும் உங்களைப் பார்க்கிறார்களே, அவர்களுக்கு என்ன சொன்னீர்கள்? சிறுநெருஞ்சில் என்று பேசிக்கொண்டே வேறு செடியான யானை நெருஞ்சிலைக் காட்டுகிறவரும் உங்களில் உண்டு. தண்ணீரில் போட்டு அலசினால் கொழகொழவென்று ஆகுமே, அது. கேமராவுக்கு எல்லாம் பச்சைதான் போலிருக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவர் நாடி பார்ப்பார், நீர்க்குறி, அதாவது சிறுநீரின் நிறமும் மணமும், பார்ப்பார். நீங்கள் லைக் பார்க்கிறீர்கள்.

சரி, வார்த்தை தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். காணொளியை நீக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை முதல் நிமிடத்தில், வாயால் சொல்லுங்கள். தயவுசெய்து கடைசியில் ஓடுகிற பொடி எழுத்தில் வேண்டாம். கண்ணாடி போட்டாலும் அப்பாவுக்கு அது தெரியாது.

இப்படிக்கு,
அந்த டம்ளரை ஆற்றிக் கொடுத்த மகன்