கீழே விழுந்த பிறகு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி.

பாப்பா குங்ஃபூ வகுப்புக்குப் போகிறாள், யாராவது கீழே தள்ளி மேலே ஏறி அமுக்கினால் அது கைகொடுக்குமா என்று கேட்டிருந்தாய். உன் பயம் நியாயமானது.

நாம் மாஸ்டரிடம் பழகிய ஆறு வருஷத்தில் காலை அகட்டி முழங்காலை மடக்கி நிற்கும் ஹார்ஸ் ஸ்டான்ஸில் எத்தனை மணி நேரம் நின்றிருப்போம்! ஒருநாளாவது ஒருத்தன் நெஞ்சில் இன்னொருத்தன் உட்கார்ந்து பழகியிருக்கிறோமா? போன வருஷம் இங்கே, தரையில் புரண்டு பிடிபோடும் கலையான ஜியு ஜிட்சு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே, என்னைவிட பத்து கிலோ குறைவான ஒரு பையன் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டான். குத்துக்கு வலு தருவது ஊன்றிய கால்தானே, அது இல்லாமல் என் கை வெறுமனே அலைந்தது. அவன் நெஞ்சைத் தள்ளினேன்; நீட்டிய கையையே பிடித்துக்கொண்டான். தோல்வியை ஒப்புக்கொண்டு பாயைத் தட்டிவிட்டேன். தப்பிக்கும் வழி கையில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. ஒருபக்கமாகச் சரிந்து, காலை ஊன்றி இடுப்பைப் பின்னுக்கு இழுத்தால் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அதில் முழங்காலை நுழைக்க வேண்டும். இந்த ஒன்று உடம்பில் ஏற எனக்கு மூன்று மாசம் ஆனது.

அதற்காக, சீனக் கலைகளுக்குத் தரையே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஃபூஜியன் மாகாணத்தில் நாயின் பெயரால் வழங்கும் கலை ஒன்று உண்டு. தானாகவே கீழே விழுந்து, எதிராளியின் காலைத் தன் இரு கால்களால் கத்தரி போலக் கவ்விச் சாய்ப்பார்கள். ஆனால் புரண்டு கிடந்து மல்லுக்கட்டுவது அதன் நோக்கமில்லை. ஷுவாய்ஜியாவோ என்ற சீன மல்யுத்தத்தில் பாதம் தவிர வேறு எது தரையைத் தொட்டாலும் புள்ளி போய்விடும். குத்து, உதை, தூக்கிப்போடுதல் கலந்த சீனாவின் சாண்டா போட்டியிலும் விழுந்தவர்களை நடுவர் எழுப்பிவிடுவார். எதிரி கையில் கத்தியும் பக்கத்தில் இன்னொருவனும் இருந்தால் கீழே கிடப்பது ஆபத்து என்ற அவர்கள் கணக்கில் எனக்கு மரியாதை உண்டு. அப்படியும் அமுக்கப்பட்டுவிட்டால்? அதற்குத்தான் அங்கே பயிற்சி போதவில்லை.

சீன வீராங்கனை ஜாங் வெய்லியைப் பார். சாண்டாவிலிருந்து வந்தவர். 2022 நவம்பரில் நியூயார்க்கில், மல்யுத்தத்தில் ஊறிய கார்லா எஸ்பார்சாவைத் தரையிலேயே பின்னாலிருந்து கழுத்தை இறுக்கி வென்று யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் பட்டத்தை மீட்டார். அது சாண்டா கொடுத்ததில்லை, தனியாகக் கற்றது.

பாப்பாவை நிறுத்திவிடாதே. சமநிலையும் தைரியமும் அங்கே கிடைக்கும், எளிதில் விழமாட்டாள். கூடவே வாரம் ஒருநாள் ஜூடோவோ ஜியு ஜிட்சுவோ போகட்டும். நீ ஒருநாள் அவள் வகுப்பில் போய் உட்கார். ஜோடிப் பயிற்சியில் எதிரில் நிற்பவள் நிஜமாகவே தள்ளுகிறாளா, இல்லை விட்டுக்கொடுக்கிறாளா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுது.

பொங்கலுக்கு வருகிறேன். கூடத்தில் பாயை விரித்து மாமா அந்த இடுப்பு அசைவைக் காட்டித்தருவார் என்று அவளிடம் சொல்.

உன்,
சங்கர்